ஒலி கேட்கிறது, சொல் பிடிபடவில்லை: மூளை ஆய்வில் நான் சேரலாமா?

வாசகியின் கடிதம் (சுருக்கம்)

எழுதியிருப்பவர் 61 வயதான, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. சில ஆண்டுகளாகவே அவருக்குப் பேச்சொலி காதில் விழுகிறது, ஆனால் சொற்கள் பிடிபடுவதில்லை. கணவர் எதிரே அமர்ந்து பேசினால் சிக்கல் இல்லை. நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பேசும்போதும், தொலைக்காட்சி ஓடும்போதும், பேரக்குழந்தைகள் வேகமாகப் பேசும்போதும்தான் தடுமாற்றம். சுவரைக் காட்டிப் பேத்தி ‘பல்லி’ என்றதை ‘பள்ளி’ என்று எடுத்துக்கொண்டு, ‘அதற்குத்தான் விடுமுறை ஆயிற்றே’ என்று இவர் பதில் சொல்ல, வீடே சிரித்திருக்கிறது; இவருக்குச் சிரிப்பு வரவில்லை. சரியாகக் கேட்ட செய்திகூடச் சில வேளைகளில் நினைவில் தங்குவதில்லை என்கிறார். காதுப் பரிசோதனை ‘வயதுக்கு ஏற்ற இயல்பான செவித்திறன்’ என்று சொல்லிவிட்டது. கவனக்குறைவுதான் காரணம் என்பது கணவரின் தீர்ப்பு. தாயார் கடைசிக் காலத்தில் மறதிநோயால் அவதிப்பட்டவர் என்பதால், தனக்கும் அதன் தொடக்கமோ என்பது இவருடைய அச்சம்.

இதற்கிடையே, பேச்சுச் சொற்களை மூளை எவ்வாறு அடையாளம் காண்கிறது என்று ஆராயும் ஓர் ஆய்வுக்கூடம் 55 வயதைக் கடந்த தன்னார்வலர்களைத் தேடுகிறது. ஒரு நாள் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்துக் கதைகள் கேட்க வேண்டும். இன்னொரு நாள் மின்முனைகள் பொருத்திய தொப்பியை அணிந்து சொற்கள் கேட்க வேண்டும். பதில் சொல்ல இரண்டு வாரம் அவகாசம் தந்திருக்கிறார்கள். ‘நினைப்பதையெல்லாம் படித்துவிடுவார்கள், போகாதீர்கள்’ என்கிறார் மகன். ‘மருத்துவர் கண்டுபிடிக்காததை அவர்களாவது கண்டுபிடிக்க மாட்டார்களா’ என்று கேட்கிறார் இவர்.

பதில்

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்து முடித்ததும் தோன்றியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் போக நினைக்கும் இடத்தில் குறையில்லை. எதற்காகப் போக நினைக்கிறீர்களோ அதில்தான் சிக்கல் இருக்கிறது. உங்கள் சிரமத்திற்குக் காரணம் தேடுவதானால் மீண்டும் ஒருமுறை செவித்திறன் வல்லுநரிடம் செல்ல வேண்டும், அதுவும் இதுவரை உங்களுக்குச் செய்யப்படாத சில பரிசோதனைகளைப் பெயர் சொல்லிக் கேட்டு. ஆய்வில் சேர்வது தனியாக எடுக்க வேண்டிய முடிவு. நானும் செவித்திறன் துறையில் பயிற்சி பெற்றுப் பேச்சுணர்வு ஆய்வுக்கு வந்தவன்; தன்னார்வலர்கள் இல்லாமல் எங்கள் துறை ஓர் அடிகூட நகராது என்பதால், ‘சேருங்கள்’ என்று சொல்லும் சார்பு எனக்கு இயல்பாகவே உண்டு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தப் பதிலைப் படியுங்கள். ஒரு கடிதத்தை வைத்து எவரும் நோய் நிர்ணயம் செய்ய முடியாது, நானும் செய்யவில்லை.

‘இயல்பு’ என்ற அறிக்கை சொல்லாமல் விட்டது

உங்களுக்குச் செய்யப்பட்ட ஆடியோகிராம் பரிசோதனை, பொதுவாக 250 ஹெர்ட்ஸ் முதல் 8000 ஹெர்ட்ஸ் வரையிலான தனித்தனி ஒலிகளை, அமைதியான அறையில், மிக மெல்லிய அளவுவரை இறக்கிக் கேட்கச் செய்து, ஒலி இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் உங்களிடமிருந்து அறிந்துகொள்கிறது. அந்த ஒலி எந்தச் சொல்லின் பகுதி, இரண்டு குரல்களில் எது யாருடையது என்பதையெல்லாம் அது சோதிப்பதில்லை. எனவே அந்த அறிக்கையும் உங்கள் அனுபவமும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள் அவை.

‘வயதுக்கு ஏற்ற’ என்ற அடைமொழியையும் நான் அப்படியே விட்டுவிட மாட்டேன். வயதோடு வரும் செவித்திறன் குறைவு பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில்தான் தொடங்கும். உயிரொலிகளின் ஆற்றல் தாழ்ந்த அதிர்வெண்களில் செறிந்திருப்பதால் அவை உரக்கவே கேட்கும். ச, த, ட போன்ற மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் நுண்ணிய அடையாளங்களோ பெரும்பாலும் மேலே, மெலிதாக இருக்கின்றன. மேல்பகுதியில் சிறிய இறக்கம் இருந்தாலே, யாரோ பேசுவது நன்றாகக் கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது மங்கிவிடும். உங்கள் வாக்கியமும் அதுதான். அறிக்கையின் கடைசி வரியைப் பார்க்காமல், 4000, 6000, 8000 ஹெர்ட்ஸ் அளவுகளில் வரைகோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். கணித ஆசிரியைக்கு வரைபடம் படிக்க நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு சொல் மூளையில் பிடிபடும் விதம்

‘காது சொல்லைப் பிடித்துக் கொடுக்கிறது, மூளை அகராதியைப் புரட்டிப் பொருள் சொல்கிறது; என் அகராதியின் பக்கங்கள் உதிர்கின்றனவோ’ என்று எழுதியிருக்கிறீர்கள். தெளிவான வரிசைதான், ஆனால் மூளை அந்த வரிசையில் வேலை செய்வதில்லை. காது சொல்லைப் பிடிப்பதே இல்லை. காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கங்களை உட்செவி அதிர்வெண் வாரியாகப் பிரித்து, நரம்புத் துடிப்புகளாக மாற்றி அனுப்புகிறது, அவ்வளவுதான். அந்தத் துடிப்புகளில் சொல் என்று தனியாக எதுவும் இல்லை. எழுத்தில் நாம் சொற்களுக்கு நடுவே விடும் இடமும் பேச்சில் கிடையாது. அறியாத மொழியொன்றைச் சில நொடிகள் கேட்டாலே இது விளங்கும். எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று தீர்மானிப்பது மூளையின் வேலை. அந்தத் திறன் மிக இளமையிலேயே தொடங்கிவிடுகிறது: எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்பதை மட்டும் துணைகொண்டு, இரண்டு நிமிடம் கேட்ட இடைவெளியற்ற செயற்கைப் பேச்சிலிருந்து எட்டு மாதக் குழந்தைகள் சொற்களைப் பிரித்தறிந்ததை ஜென்னி சஃப்ரானும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1996-இல் காட்டினார்கள்.

அந்தத் தீர்மானம் சொல் முழுவதும் வந்து சேரும்வரை காத்திருப்பதில்லை. வில்லியம் மார்ஸ்லன்-வில்சன் 1973-இல் வெளியிட்ட ஆய்வில், காதில் விழும் பேச்சை விழ விழவே திருப்பிச் சொல்லும்படி பங்கேற்பாளர்களைக் கேட்டுக்கொண்டார். அவர்களில் சிலர் ஏறத்தாழ கால் நொடி, அதாவது ஓர் அசை அளவே பின்தங்கித் திருப்பிச் சொன்னார்கள். கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கவில்லை என்பது அவர்கள் செய்த பிழைகளிலிருந்தே தெரிந்தது. தவறாகச் சொன்ன சொற்கள்கூட அந்த வாக்கியத்தின் இலக்கணத்திற்கும் பொருளுக்கும் பொருந்தியே இருந்தன. இந்த வழியில் வளர்ந்ததுதான் ‘கோஹார்ட்’ மாதிரி. தமிழில் சொல்வதானால், ‘பட்டா’ என்று கேட்ட கணத்தில் பட்டா, பட்டாசு, பட்டாளம், பட்டாபிஷேகம், பட்டாம்பூச்சி எல்லாமே ஒரே நேரத்தில் விழித்துக்கொள்கின்றன. ‘பட்டாம்’ என்று ஆனதும் மற்றவை விலக, ஒன்றே எஞ்சுகிறது. ‘பூச்சி’ வந்து சேரும் முன்பே தீர்மானம் முடிந்துவிடுகிறது. அடையாளம் காண்பது என்பது தேடி எடுப்பதல்ல, போட்டியில் மற்றவற்றைக் கழிப்பது.

போட்டியின் விதிகளைப் பற்றிப் பின்னர் நிறைய வாதங்கள் நடந்தன. ஜேம்ஸ் மெக்லெலண்டும் ஜெஃப்ரி எல்மனும் 1986-இல் கணினியில் உருவாக்கிய ‘டிரேஸ்’ மாதிரியில், தொடக்கம் ஒத்த சொற்கள் மட்டுமல்ல, நடுவிலோ ஈற்றிலோ ஒத்த சொற்களும் போட்டிக்குள் நுழையலாம். நுழைந்தவை ஒன்றையொன்று அடக்கவும் செய்யும். 1998-இல் பால் அலோபென்னா, ஜேம்ஸ் மக்னுசன், மைக்கேல் டானென்ஹாஸ் ஆகியோர் கேட்பவர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து இதைச் சோதித்தார்கள். முன்னால் உள்ள பொருள்களில் ஒன்றின் பெயரைச் சொன்னதும், அதே ஒலியில் தொடங்கும் இன்னொரு பொருளின் மீதும் பார்வை ஓடியது. ஈற்றொலி மட்டும் ஒத்த பொருளின் மீது சற்றுத் தாமதமாக, குறைவாக ஓடியது. ஒவ்வொரு சொல்லிலும் இப்படியொரு போட்டி நடந்து முடிகிறது, கேட்பவருக்கு அதன் சுவடுகூடத் தெரிவதில்லை.

உங்களுக்கு மிக நெருக்கமான பகுதி இனிமேல்தான். 1970-இல் ரிச்சர்ட் வாரன், பதிவு செய்த வாக்கியம் ஒன்றிலிருந்து ஓர் ஒலியை முழுமையாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்டவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். இருமல் எந்த இடத்தில் வந்தது என்றும் அவர்களால் சரியாகச் சுட்ட முடியவில்லை. இல்லாத ஒலியை மூளை நிரப்பியிருந்தது. 2016-இல் மேத்யூ லெனர்டும் எட்வர்ட் சாங்கும் அவர்களுடைய குழுவினரும், வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்தவர்களின் ஒப்புதலோடு இதையே பதிவு செய்தார்கள். ஓர் ஒலி இரைச்சலால் மறைக்கப்பட்டபோது, கேட்பவர் அதை எந்தச் சொல்லாக எடுத்துக்கொண்டாரோ, அந்தச் சொல்லின் ஒலி உண்மையிலேயே வந்திருந்தால் எப்படியோ, அதை ஒத்த செயல்பாடு காதுக்கு மேலே உள்ள பக்க மடலின் மேல் மடிப்பில் அந்தக் கணமே தென்பட்டது. (எதிர்பார்ப்பு கேட்கும் ஒலியையே மாற்றுகிறதா, அல்லது கேட்டபின் எடுக்கும் முடிவை மட்டும் மாற்றுகிறதா என்பது எங்கள் துறையில் இன்னும் தீராத வழக்கு, மாநாடுகளில் குரல் உயர்வதை நானே பார்த்திருக்கிறேன்.)

இந்த வேலைக்கு மூளையில் ஒரே ஓர் ‘அறை’ இருக்கிறது என்ற பழைய எண்ணமும் இப்போது இல்லை. கார்ல் வெர்னிக்கே 1874-இல் இடப்பக்க மடலின் பின்பகுதியைச் சுட்டினார். கிரெகரி ஹிக்காக், டேவிட் பெப்பல் போன்றோர் அண்மைக் காலத்தில் முன்வைத்த விளக்கத்தின்படி, பேச்சொலியைப் பகுப்பதில் இரு பக்க மடல்களும் பங்கு கொள்கின்றன. ஒலி கேட்டும் பேச்சு மட்டும் அறவே புரியாமல்போகும் ‘சொற்செவிடு’ மிக அரிது. அது பெரும்பாலும் இரு பக்கமும் பாதிக்கப்பட்டவர்களிடம் காணப்படுகிறது. அமைதியான அறையில் கணவரோடு தடையின்றிப் பேசும் உங்கள் நிலைமை அதுவல்ல.

இனி உங்கள் ‘பல்லி’க்கு வருவோம். ல, ள இரண்டையும் பிரிப்பது ஒலியின் மேல்பகுதியில் நிகழும் சிறிய மாற்றம். ‘பாடு’, ‘பாட்டு’ இரண்டையும் பிரிப்பதில், நடுவே நாக்கு ஒலியை அடைத்து நிற்கும் மிகச் சிறிய நேரத்திற்குப் பெரும் பங்கு உண்டு. சுவர்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் பிறர் குரலும் அந்த நேரத்தை நிரப்பிவிட்டால் வேறுபாடு கரைந்துபோகும். அடையாளம் கரைந்த இடத்தில் மூளை தனக்கு மிகவும் பழகிய சொல்லை முன்னே தள்ளுகிறது. வாழ்நாளெல்லாம் பள்ளியில் கழித்தவருக்குப் ‘பள்ளி’ முந்திக்கொண்டதில் வியப்பில்லை. உங்கள் சொல்வளம் கெட்டதற்கான சான்றாக அதை நான் பார்க்கவில்லை. அது செழிப்பாக, சற்று அவசரமாக வேலை செய்ததற்கான சான்றாகவே பார்க்கிறேன். வயது கூடும்போது கேட்பவர்கள் சூழலையும் சொல்வளத்தையும் அதிகம் நம்பத் தொடங்குகிறார்கள் என்பதும், அதனால் பல நேரம் ஆதாயமே பெறுகிறார்கள் என்பதும், ஊகம் தவறும்போது அதையே உறுதியாகக் கேட்டதாக நம்பிவிடுகிறார்கள் என்பதும் இத்துறையில் அறியப்பட்டவை.

நம் மொழியில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. வினை வாக்கியத்தின் ஈற்றில் வருகிறது. காலமும், தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் இடமும், ஆம், இல்லை என்பதும் அந்த வினையின் விகுதியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பேசுபவரின் குரல் தாழ்வதும் பெரும்பாலும் வாக்கியத்தின் ஈற்றில்தான். ‘முடியும்’, ‘முடியாது’ என்பவற்றின் தொடக்கம் ஒன்று. கடைசி ஒலிகள் பேரப்பிள்ளைகளின் சத்தத்தில் மூழ்கினால் செய்தியே தலைகீழாகிவிடும். மேலும், பின்னணியில் ஓடுவது மின்விசிறியின் இரைச்சலாக இருந்தால் அது ஒலியை மட்டும் மறைக்கும். மற்றொருவரின் பேச்சாக இருந்தால் அதன் சொற்களும் உங்கள் மூளைக்குள் போட்டியில் நுழைந்துவிடும். பழகிய துணைவரின் குரலைப் பிற குரல்களுக்கு நடுவே பிரித்துக் கேட்பது எளிது என்று இங்கிரிட் ஜான்ஸ்ரூடும் அவருடைய குழுவினரும் 2013-இல் காட்டியிருக்கிறார்கள். உங்களை எளிதில் எட்டுவது தன் குரல்தான் என்பது தெரியாமல், மற்ற நேரங்களில் நீங்கள் கவனிப்பதில்லை என்று உங்கள் கணவர் முடிவு கட்டியிருக்கலாம்.

மறதிநோய் என்ற அச்சம்

தாயாரை அந்த நிலையில் கவனித்துக்கொண்டவர் என்பதால் உங்கள் அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் கடிதத்தில் நீங்கள் விவரிக்கும் முறை, சொல்லின் பொருளே அழிந்துபோகும் வகையான மறதிநோயின் முறையோடு ஒத்துப்போகவில்லை. அங்கே ஒருவர் சொல்லைத் தெளிவாகக் கேட்டுத் திருப்பியும் சொல்வார். பிறகு ‘அப்படியென்றால் என்ன?’ என்பார். அதே சொல்லை எழுதிக் காட்டினாலும் பொருள் விளங்காது. உங்களுக்கோ சொல் தவறாக விழுகிறது. எழுதிக் காட்டினாலோ அமைதியில் மீண்டும் சொன்னாலோ உடனே விளங்குகிறது. இந்த வேறுபாட்டை நீங்கள் மருத்துவரிடம் தெளிவாகச் சொல்வது அவருக்கு மிகவும் உதவும்.

‘கேட்டது நினைவில் தங்குவதில்லை’ என்ற வரிக்கும் ஒரு விளக்கம் உண்டு. பேட்ரிக் ராபிட் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், இரைச்சலோடு வந்த எண்களைப் பங்கேற்பாளர்கள் பிழையின்றி அடையாளம் கண்டார்கள். ஆயினும் இரைச்சலின்றி வந்தவற்றை நினைவில் வைத்த அளவுக்கு அவற்றை நினைவில் வைக்க முடியவில்லை. அடையாளம் காண்பதற்கே மூளை உழைக்க வேண்டியிருந்தால், பதித்து வைப்பதற்கு அதனிடம் மிச்சம் குறைவு. ஆகவே நினைவாற்றல் பரிசோதனை ஒன்று செய்துகொள்ள விரும்பினால், அதைச் செவித்திறனைச் சரிபார்த்த பிறகு, அமைதியான அறையில் செய்துகொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்கப்படும் கேள்வி காதில் சரியாக விழாததே மதிப்பெண்ணைக் குறைத்துவிடக் கூடாது.

செவித்திறன் குறைவுக்கும் மறதிநோய்க்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, மாற்றத்தக்க 14 அபாயக் காரணிகளுள் அதுவும் ஒன்று. ஆனால் மக்கள்தொகை அளவிலான அபாயத்தைத் தனிமனிதரின் விதியாக வாசிப்பது தவறு. 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான ‘அச்சீவ்’ ஆய்வில், செவித்திறன் கருவியும் ஆலோசனையும் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே மூன்றாண்டு அறிதிறன் சரிவில் ஒட்டுமொத்தமாக வேறுபாடு தென்படவில்லை. முன்பே அபாயம் கூடியிருந்த பிரிவினரிடம் மட்டும் சரிவு 48 விழுக்காடு குறைந்திருந்தது. கருவி அணிந்தால் மறதிநோய் வராது என்று யாரேனும் உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். தேவைப்பட்டால் கருவி அணிவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை மட்டும். பேச்சு திடீரெனப் புரியாமல்போவது, வாய் கோணுவது, ஒரு கை தளர்வது போன்றவை பக்கவாதத்தின் அறிகுறிகள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். ஒரு காது மட்டும் திடீரெனக் கேளாமல்போனாலும் அதே நாளில் காது மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது மெல்ல மெல்ல வந்த மாற்றம் என்பதால் அந்த அவசரம் இப்போது தெரியவில்லை.

ஆய்வுக்கூடம் தருவதும் தராததும்

ஆய்வுக்கூடம் என்பது நோய்ப் பரிசோதனைக்கூடம் அல்ல. அங்கே கேட்கப்படும் கேள்வி ‘இந்த வயதுக் குழுவினரின் மூளை சொற்களை எப்படிக் கையாளுகிறது’ என்பது. ‘இந்த அம்மையாருக்கு என்ன சிக்கல்’ என்பது அல்ல. பலருடைய பதிவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால்தான் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும். எடுத்துக்காட்டாக, மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980-இல் கண்டறிந்த ‘என்400’ என்ற மூளையின் மின் அலை, எதிர்பாராத சொல்லைச் சந்தித்து ஏறத்தாழ 400 மில்லி நொடியில் உச்சம் பெறுகிறது. தொப்பியில் பதிவாவதில் அதுவும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஒரு தனிநபரின் அலை உயரத்தை வைத்து நோய் உண்டு, இல்லை என்று சொல்ல இயலாது. எனவே ‘அவர்களாவது கண்டுபிடிப்பார்கள்’ என்ற நம்பிக்கையோடு போனால் ஏமாற்றமே மிஞ்சும். இன்னும் மோசமானது, ‘ஆய்வில் எதுவும் சொல்லவில்லை, அப்படியானால் எனக்கு ஒன்றுமில்லை’ என்று எண்ணி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடுவது.

உங்கள் மகனின் அச்சம் வெற்றுக் கற்பனை அல்ல. 2023-இல் ஜெர்ரி டாங், அலெக்சாண்டர் ஹூத் ஆகியோரின் குழு, எம்.ஆர்.ஐ. பதிவிலிருந்து ஒருவர் கேட்டுக்கொண்டிருந்த கதையின் சாரத்தை வாக்கியங்களாக மீட்டெடுத்துக் காட்டியது. செய்திகளில் ‘மனத்தைப் படிக்கும் இயந்திரம்’ என்றெல்லாம் வந்தது அதைப் பற்றித்தான். ஆனால் அதற்காக ஒவ்வொரு பங்கேற்பாளரும் ஏறத்தாழ 16 மணி நேரம் கருவிக்குள் படுத்துக் கதைகள் கேட்க வேண்டியிருந்தது. ஒருவருடைய பதிவில் பயிற்றுவித்ததை மற்றொருவரிடம் பயன்படுத்தியபோது அது உருப்படியாக வேலை செய்யவில்லை. பங்கேற்பாளர் வேண்டுமென்றே மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தாலோ வேறு கதையை நினைத்துக்கொண்டிருந்தாலோ மீட்டெடுப்பு குலைந்தது. ஓரிரு அமர்வுகளில், உங்கள் ஒத்துழைப்பின்றி, உங்கள் எண்ணங்களை எவரும் எடுத்துவிட முடியாது. மகனின் கவலையை வேறு இடத்தில் வைப்பது பொருத்தம்: பதிவு செய்த தரவு பின்னர் எங்கே, யாரிடம், எவ்வளவு காலம் இருக்கும் என்பதில்.

உடல் சார்ந்த இடர்கள் குறைவே. எம்.ஆர்.ஐ. கருவியில் எக்ஸ்ரே கதிர்கள் இல்லை. ஆனால் அதன் காந்தப் புலம் மிக வலியது. இதயத் துடிப்புக் கருவி, காதுக்குள் பொருத்திய மின்கருவி, பழைய அறுவையின் உலோகக் கவ்வி, கண்ணில் தங்கிய உலோகத் துகள் போன்றவை இருந்தால் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். குறுகிய குழாய்க்குள் படுப்பதில் திணறல் வருமா என்றும் யோசியுங்கள். உங்கள் விஷயத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது சத்தத்தைப் பற்றி: கருவி இயங்கும்போது எழும் ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடியது. காதுகளுக்கு முழுமையான பாதுகாப்பு தராத எந்த அமர்விலும் படுக்காதீர்கள். பேச்சை ஆராயும் குழுக்கள் பல, கருவி ஓசையின்றி நிற்கும் இடைவேளைகளில் மட்டும் சொற்களை ஒலிக்கச் செய்யும் முறையைக் கையாளுகின்றன. இங்கும் அப்படியா என்று கேட்கலாம். மின்முனைத் தொப்பியில் தலைமுடியில் ஒட்டும் பசை தவிர வேறு தொல்லை இல்லை.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1964-இல் உலக மருத்துவச் சங்கம் ஏற்றுக்கொண்ட ஹெல்சிங்கி பிரகடனத்தின் வழிவந்த நெறி ஒன்று உங்களுக்குத் துணை நிற்கிறது: விளக்கம் பெற்று, விருப்பத்தோடு அளிக்கும் ஒப்புதல் இல்லாமல் உங்களிடம் ஆய்வு செய்யக் கூடாது, அந்த ஒப்புதலை எந்தக் கட்டத்திலும், அதற்காக எந்தப் பாதிப்புக்கும் ஆளாகாமல், நீங்கள் திரும்பப் பெறலாம். கருவிக்குள் படுத்தபின் ‘போதும்’ என்று சொல்லும் உரிமையும் அதில் அடக்கம். இவற்றோடு, எழுத்தில் பதில் கேட்க வேண்டியவை சில:

*தற்செயலான கண்டுபிடிப்பு.* மூளைப் படத்தில் எதிர்பாராத ஏதேனும் தென்பட்டால் அதை மருத்துவர் ஒருவர் பார்ப்பாரா, உங்களுக்குத் தெரிவிப்பார்களா? தெரிந்துகொள்ள விரும்புகிறீர்களா என்பதை நீங்களும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். தீங்கற்ற ஒன்றைப் பற்றிய செய்திகூட மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுக்கலாம். மறதிநோய் அச்சத்தில் இருக்கும் ஒருவருக்கு இது சிறிய விஷயமல்ல.

*தரவு.* பெயரை நீக்கினால் மட்டும் போதாது. தலையின் எம்.ஆர்.ஐ. படத்திலிருந்து முகத்தின் வடிவத்தை மீட்டெடுக்க முடியும் என்பதால், பகிர்வதற்கு முன் முகப் பகுதியை நீக்குகிறார்களா என்று கேளுங்கள். உங்கள் குரலைப் பதிவு செய்தால் அதற்கும் இதே கேள்வி. நீங்கள் விலகினால் தரவை அழிப்பார்களா, எந்தக் கட்டத்திற்குப் பின் அழிக்க இயலாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சராசரியில் கலந்து வெளியிடப்பட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

*தகுதி.* இரைச்சலில் சிரமம் உள்ளவர்களைச் சேர்க்கிறார்களா, செவித்திறன் இயல்பானவர்களை மட்டுமா? பின்னதாக இருந்தால் உங்கள் சிரமத்தை மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தால் அவர்களுடைய முடிவு திரியும். நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் படிவத்தில் இருக்கிறதா என்பதை உங்கள் மகன் சரிபார்க்கட்டும், அவருக்கும் மனநிறைவாக இருக்கும்.

செவித்திறன் வல்லுநரிடம்

முதலில் காதுக் குறும்பி அடைத்திருக்கிறதா என்பதையும், செவிப்பறையின் இயக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் பேச்சுப் பரிசோதனையையும், இரைச்சலுக்கு நடுவே வாக்கியங்களைக் கேட்கும் பரிசோதனையையும் கேளுங்கள். இந்த இரண்டாவதுதான் உங்கள் சிரமத்தை நேராக அளப்பது. பல இடங்களில் கேட்டால்தான் செய்கிறார்கள். உங்கள் தாய்மொழியிலேயே நடக்கும் இடமாகப் பார்ப்பது நல்லது. வரைகோடு மேல்பகுதியில் இறங்கியிருந்து கருவி பரிந்துரைக்கப்பட்டால், வாங்குவதற்கு முன் வீட்டில், அந்த நான்கைந்து பேர் பேசும் கூடத்தில், அணிந்து பார்க்கத் தருவார்களா என்று கேளுங்கள். பரிசோதனைகள் எல்லாமே இயல்பாக வந்தும் சிரமம் தொடர்ந்தால், அந்த அறிக்கையோடு நரம்பியல் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. பேசுபவரின் முகம் தெரியும்படி அமருங்கள். உதட்டசைவு இரைச்சலில் எவ்வளவு கைகொடுக்கிறது என்பதை சம்பி, போலாக் என்ற ஆய்வாளர்கள் 1954-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். பேசும் நேரத்தில் தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லுங்கள். புரியாதபோது ‘என்ன?’ என்று பொதுவாகக் கேட்காமல், ‘சாவி என்பதுவரை கேட்டது, அப்புறம்?’ என்று விடுபட்ட இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். வாக்கியத்தின் ஈறுதான் தேவை என்பது எதிரே இருப்பவருக்கும் விளங்கும். உரக்கக் கத்துவது உதவாது, சற்று நிதானமாகச் சொல்வது உதவும் என்பதை உங்கள் கணவரிடம் என் பெயரிலேயே சொல்லிவிடுங்கள்.

ஆய்வுக்கூடத்திற்கு இந்த வாரமே ஒரு குறிப்பு எழுதுங்கள்: சேர ஆர்வம் இருக்கிறது, செவித்திறன் பரிசோதனை ஒன்று நிலுவையில் உள்ளது, அதன் அறிக்கை வந்தபின் பதில் சொல்ல அவகாசம் வேண்டும் என்று. நேர்மையான குழுவாக இருந்தால் அவகாசம் தருவார்கள். அந்த அறிக்கை அவர்களுக்கும் பயன்படும். தர மறுத்து அவசரப்படுத்தினால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் அந்த ஆய்வில் சேர மாட்டேன்.